எளாவூரைத் தாண்டாத மிக்ஸர்

கல்யாண மாப்பிள்ளைக்கு,

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஸ்டுடியோ வைத்துக்கொண்டு, ஊரார் வீட்டு மாப்பிள்ளைகளிடம் "கொஞ்சம் சிரிங்க சார், சிரிப்புக்குத் தனியா சார்ஜ் கிடையாது" என்று கெஞ்சியே குடும்பம் நடத்தியவன் நான். உன் கல்யாணத்தில் மட்டும் கேமராவைத் தொடக்கூடாது, வேட்டியோடு முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று உன் அம்மா உத்தரவு போட்டுவிட்டாள். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன். ஐதராபாத்திலிருந்து நீ போனில் பேசுவதெல்லாம் ரயில்வே அறிவிப்பு மாதிரி ஆகிவிட்டது. வருகிறேன், எப்போது வருகிறேன், வைக்கிறேன். போன வாரம் அதிலும் ஒரு வண்டி ரத்து. கல்யாண வீடியோ எடுக்கிற பழவேற்காட்டு ஜபார் பாய் தன்னுடைய பழைய கேமராவை நெட்டில் விற்றுத் தரும்படி உன்னைக் கேட்கிறார் என்று சொன்னேன். "அந்த வேலைய வுட்டுட்டேன் நைனா, வேற யார்னா பாத்துக்கச் சொல்லு" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதே வாரம் உன் கல்யாணப் பத்திரிகை பாய் வீட்டுக்குக் கொரியரில் போய்ச் சேர்ந்திருக்கிறது. நீ அவர் வீட்டில் நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்தவன். அவர் மடியில் உட்கார்ந்து வீடியோ கேமராவின் கண்ணாடியில் விரல் ரேகை பதித்தவன். அந்த வீட்டுக்குப் பத்திரிகை கொரியரில் போனால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். அவர் முகத்தைப் பார்க்க உனக்குத் தைரியம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைக் கொஞ்சம் முதலிலிருந்து பேசிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். நாலு பேர் படித்தாலும் பரவாயில்லை. நமக்கு நடந்தது அவர்களுக்கு நடக்காமல் இருக்கட்டும்.

ஆந்திர எல்லையில் சரக்குக்கு வரி பார்க்கிற எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் குடியிருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கையில் ஒரு பை இருந்தால் போதும், அதில் தக்காளியே இருந்தாலும், செக்போஸ்ட் வந்ததும் நெஞ்சு படபடக்கும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது எல்லை தாண்டி சூலூர்பேட்டையில் ஒரு மிக்ஸி வாங்கினோம். திரும்பி வரும்போது பஸ் எளாவூரில் நின்றது. உன் அம்மா சட்டென்று மிக்ஸியை மடியில் வைத்துப் புடவைத் தலைப்பால் மூடி, தட்டிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். நிஜக் குழந்தையான நீ என் தோளில் வீறிட்டுக்கொண்டிருந்தாய். பஸ்ஸில் ஏறிய ஆள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ரெட்டைப் புள்ளையா? ஒண்ணு மட்டும் அழுவுது?" என்று கேட்டார். நான் உடனே, "அது அம்மா ஜாடை சார், ஸ்விட்ச் போட்டாத்தான் சத்தம் வரும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். அம்மா வீடு வந்து சேரும்வரை என்னோடு பேசவில்லை. வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய ஒற்றை மிக்ஸியை யாரும் பிடுங்க மாட்டார்கள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் அந்தக் கதையை ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டாயிற்று. நீயும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாய். எதைக் கொண்டுபோனாலும் ஒளித்துக்கொண்டு போவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று உனக்கு நாங்கள் பாடம் நடத்தியதே இல்லை. சிரித்துச் சிரித்தே கற்றுக் கொடுத்துவிட்டோம்.

அப்புறம் டேப் கேமராக்களுக்கு மவுசு குறைந்த காலம் வந்தது. வாட் வரி வந்த புதிதும் அதுதான். வாட் வந்ததும் பஜாரில் எல்லார் முகத்திலும் வாட்டம். நீ காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாய். அலமாரியில் தூங்கிய நம்முடைய பழைய கேமராவைப் படம் பிடித்து, ஸ்டேஷன் ரோடு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஏலம் விடுகிற ஒரு வெப்சைட்டில் ஏற்றினாய். சேலத்திலிருந்து ஒருவர் கேட்டார், பணம் பேங்கில் வந்தது, கேமரா பார்சலில் போனது. எனக்கு அதை நம்பவே கொஞ்ச நாள் பிடித்தது. முகம் தெரியாத ஒருவன் முகம் தெரியாத இன்னொருவனுக்குப் பணம் அனுப்புகிறான், இரண்டு பேரும் யோக்கியமாக நடந்துகொள்கிறார்கள். கல்யாண வீட்டில் நேருக்கு நேர் நிற்கிற சம்பந்திகளிடம்கூட இதை நான் பார்த்ததில்லை. விஷயம் பரவியது. பெரியபாளையத்து ஸ்டுடியோக்காரர் தன் ஹாலோஜன் விளக்குகளைக் கொண்டுவந்து கொடுத்தார், பொன்னேரிக்காரர் டிரைபாடைத் தூக்கிக்கொண்டு வந்தார். விற்றுக் கொடுத்தாய், கமிஷன் எடுத்துக்கொண்டாய். இது வியாபாரம் ஆகிவிட்டதே, இதற்குக் கணக்கு எழுத வேண்டாமா, வரி உண்டா இல்லையா என்று யாரையாவது கேட்டு வை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "பழைய சாமானுக்கு இன்னாடா வரி" என்றுதான் சொன்னேன். கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்ன பதில் இல்லை அது. தெரிந்துகொள்ளப் பயந்து சொன்னது.

அந்தச் சமயத்தில்தான் ஜபார் பாய் தன் வீடியோ மிக்ஸரைக் கொண்டுவந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மாப்பிள்ளை முகத்தை இதய வடிவத்துக்குள் அடைத்து, தாமரை இதழ் விரிய, பெண்ணின் காதோரம் சுற்ற விடுகிற பெட்டி அது. நம் வட்டாரத்தில் கல்யாணமான பாதிப் பேர் அந்த இதயத்துக்குள் ஒரு தடவை சுற்றி வந்தவர்கள். பாய் அதை விற்றுவிட்டு, சீசன் தொடங்குவதற்குள் கம்ப்யூட்டர் எடிட்டிங்குக்கு மாறிவிட வேண்டும் என்று இருந்தார். மாறாவிட்டால் புக்கிங் எல்லாம் சென்னைக்காரர்களிடம் போய்விடும் நிலைமை. "ஊருக்கெல்லாம் வித்துக் குடுத்தியே, வாப்பாவுக்கு வித்துக் குடுக்க மாட்டியா" என்று உன் தலையில் தட்டிவிட்டுப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார். விஜயவாடாவிலிருந்து ஒருவன் கேட்டான். பேரம்கூடப் பேசவில்லை. மறுநாளே உனக்கு ஒரு மெயில் வந்தது. வாங்குகிறவரின் பணத்தை நடுவில் வாங்கி வைத்து விற்கிறவருக்குத் தருகிற கம்பெனியின் பேர், சின்னம் எல்லாம் அச்சு அசலாக இருந்தது. உங்கள் பணம் எங்களிடம் வந்துவிட்டது, சரக்கை அனுப்பி லாரி ரசீது நம்பரைத் தெரிவித்ததும் உங்கள் கணக்கில் சேர்க்கப்படும் என்று அதில் எழுதியிருந்தது. நீ அதை பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாய். உன் அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள். "பணம் பேங்க்ல வந்துச்சா?" மெயிலில் வந்துவிட்டது என்றாய். "மெயில்ல வந்த பணத்துக்குக் காய்கறிக்காரன் கீரை குடுப்பானா?" என்றாள். உனக்கு இன்டர்நெட் தெரியாது, சும்மா இரு என்று நான்தான் அவளை அடக்கினேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

பார்சல் ஆபீசில் பில் கேட்டார்கள். மாநிலம் தாண்டுகிற சரக்கு, யார் யாருக்கு விற்கிறார்கள், என்ன விலை என்று காகிதம் வேண்டும் என்றார்கள். காகிதம் போட்டால் வரி வந்துவிடுமே என்று நீ, நான், பாய் மூன்று பேரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவுக்குத் திரும்பியபோது, அந்த விஜயவாடாக்காரனே போன் போட்டான். நீ ஸ்பீக்கரில் வைத்தாய். "பில்லு எதுக்கு அண்ணா? பில்லு போட்டா எளாவூர்ல எறக்கி வெச்சிடுவாங்க. மீக்கும் டாக்ஸு, நாக்கும் டாக்ஸு, ரெண்டு பேருக்கும் நஷ்டம். தெரிஞ்ச டிரைவர் இருந்தா கேபின்ல வெச்சு அனுப்பிடுங்க. கம்பெனிக்கு டிரைவர் நம்பரே போதும், நான் பேசிக்கறேன்." நம் மூன்று பேர் முகத்திலும் ஒரே நேரத்தில் வெளிச்சம். பாய் என்னைப் பார்த்து, "விவரமான ஆளு" என்றார். நான், "நம்மூர்ல பொறக்க வேண்டியவன்" என்றேன். லாரி ரசீது நம்பர் இல்லாமல் பணம் வராது என்று மெயில் சொல்கிறது. ரசீதே வேண்டாம் என்று இவன் சொல்கிறான். இரண்டும் எப்படி ஒன்றாக நிஜமாக இருக்க முடியும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ரோலிங் மில்லிலிருந்து கம்பி ஏற்றிக்கொண்டு கிளம்பிய நமக்குத் தெரிந்த டிரைவர் ஒருவர், மிக்ஸரைத் தன் போர்வைக்குள் சுற்றி சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். எளாவூரை எந்தத் தொல்லையும் இல்லாமல் தாண்டிவிட்டதாக அவர் போன் செய்தபோது நாம் டீ வாங்கிக் குடித்தோம். நெல்லூர் தாண்டி ஒரு தாபாவில், பேர் சொல்லிக் கேட்டு வந்த ஆளிடம் ஒழுங்காக ஒப்படைத்துவிட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. பணம் அன்றைக்கு வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. விஜயவாடா நம்பர் அணைந்து கிடந்தது. மெயில் அனுப்பியவர்களின் நிஜ ஆபீசைத் தேடிப் பிடித்து நீ பேசியபோது, அப்படி ஒரு பணமே தங்களிடம் வரவில்லை, அந்த மெயிலும் தங்களுடையது இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஆன்லைனில் விற்றோம், போலீஸ் ஸ்டேஷனில் லைனில் நின்றோம். ஏட்டு தப்பான ஆள் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார். "காணாமப் போன சாமான் இன்னா?" மிக்ஸர் என்றாய். "மிக்ஸியா?" இல்லை சார், மிக்ஸர். "திங்கறதா?" வீடியோ மிக்ஸர் என்று நான் இதயம், தாமரை எல்லாம் சொல்லி விளக்கியதும், தன் கல்யாண கேசட்டிலும் அது இருக்கிறது என்று கொஞ்சம் வெட்கப்பட்டார். பிறகு பில் கேட்டார். இல்லை. லாரி ரசீது? இல்லை. செக்போஸ்டில் காட்டிய காகிதம்? இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "சாமான் ஆந்திராவுக்குப் போச்சுன்றீங்க. போனதுக்கு ஒரு அத்தாட்சியும் இல்ல. எளாவூர்ல கேட்டா அப்படி ஒண்ணு தாண்டவே இல்லன்னுவாங்க. சர்க்கார் கணக்குல அது இன்னும் பழவேற்காட்டுலதான் கீது." அப்போதுதான் பாய் முன்னால் வந்தார். "பில்லு வாணாம்னு நான்தான் சொன்னேன் சார். பையன் மேல எதுவும் எழுதிடாதீங்க." அவர் அப்படிச் சொல்லவே இல்லை. நாம் மூன்று பேருமே வாயால் சொல்லாமல் ஒத்துக்கொண்ட விஷயம் அது. மனு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மிக்ஸர் திரும்பி வரவில்லை.

இத்தனை வருஷம் யோசித்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். நாம் ஏமாளிகளாக இருந்ததால் அவன் நம்மை ஏமாற்றவில்லை. ஏமாளியாக இருந்திருந்தால், பார்சல் ஆபீசில் கேட்டபடி வெள்ளந்தியாக ஒரு பில்லை எழுதி நீட்டியிருப்போம். அந்தப் பில்லையும் ரசீதையும் பார்த்ததுமே அவன் ஓடிப்போயிருப்பான், அல்லது பொருளை எடுக்க வந்த இடத்தில் கையெழுத்துப் போட்டு மாட்டியிருப்பான். நாம் கெட்டிக்காரர்களாக இருக்க ஆசைப்பட்டோம். அவன் நம்மிடம் பொய் சொன்னது கொஞ்சம்தான். நம்மோடு சேர்ந்து சர்க்காரிடம் பொய் சொல்லலாம் வாருங்கள் என்று கூப்பிட்டதுதான் அதிகம். கூப்பிட்டதும் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டோம். அந்த நிமிஷம் அவன் நமக்குக் கூட்டாளி ஆகிவிட்டான். கூட்டாளியை யார் சந்தேகப்படுவார்கள்? அது மட்டும் இல்லை. வரிக்குப் பயந்து ஒளிக்கிறவன், திருடு போனாலும் சத்தம் போட முடியாது என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரியும். செக்போஸ்டில் இருப்பவர்கள் நம்மைப் பிடிக்கத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அங்கே ஒரு காகிதத்தில் ஒரு முத்திரை விழுந்திருந்தால் அது நம் பக்கம் நின்றிருக்கும்.

பிறகு ஒருநாள் பொன்னேரியில் வரிக் கணக்குப் பார்க்கிறவர் ஒருவரிடம் போய் நான் விசாரித்தேன். காசு போன பிறகு வந்த ஞானத்துக்கு அவர் தனியாகக் காசு வாங்கவில்லை. சொந்தமாக வைத்திருந்த பழைய சாமானை ஒருவர் எப்போதோ ஒரு தடவை விற்பது வேறு, ஊரார் சாமானை எல்லாம் வாங்கி விற்றுக் கமிஷன் பார்ப்பது வேறு, இரண்டாவது வியாபாரம், அதற்குக் கணக்கு வேண்டும், அந்தக் கமிஷன் உன் வருமானம் என்றார். பாயின் மிக்ஸருக்கு, வாங்கியபோது கொடுத்த பழைய பில்லின் நகலும், யார் யாருக்கு என்ன விலைக்கு விற்கிறார் என்ற விவரமும் இருந்திருந்தால் போதும், வரி என்று ஏதாவது கேட்டிருந்தாலும் அது ஒரு வேளைச் சாப்பாட்டைப் பறித்திருக்காது என்றார். சட்டம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் நான் சொல்வதை அப்படியே பிடித்துக்கொள்ளாதே. அங்கே விவரம் தெரிந்தவர்களைக் கேள். ஆனால் கேட்கப் பயப்படாதே. பணம் வந்துவிட்டது என்று யார் எழுதினாலும், உன் பேங்கில் நீயே பார்க்கிறவரை அது வரவில்லை. மெயிலில் வருகிற லிங்க்கை அழுத்திப் பாஸ்வேர்டைக் கொடுக்காதே. எவன் உன்னை அவசரப்படுத்துகிறானோ அவனிடம் வேண்டுமென்றே ஒரு நாள் தாமதம் செய். நிஜமாக வாங்குகிறவன் முணுமுணுத்துக்கொண்டே காத்திருப்பான். உன் கணக்கில் வேறு ஒருத்தர் பணத்தைப் போட்டு எடுத்துக்கொள்கிறேன் என்று யாராவது கேட்டால், அந்த ஆள் சிநேகிதனாகவே இருந்தாலும் கூடாது என்று சொல்.

இதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குக் கவலை வேறு. அந்த சீசனில் பாய் தன் எடிட்டிங்கை நம் ஸ்டுடியோவில், நம் கம்ப்யூட்டரில்தான் செய்தார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் நீ பேட்டரி வாங்கி வருகிறேன் என்று பின்பக்கமாகக் கிளம்புவாய். அந்த வருஷம் நீ வாங்கிய பேட்டரிகள் இன்னும் தீரவில்லை. பிறகு ஐதராபாத் வேலை வந்தது, அதைப் பேட்டரிக் கடையைவிட நல்ல சாக்காக நீ வைத்துக்கொண்டாய். போகப் போக யாரையுமே நம்பாத ஆளாகவும் மாறிவிட்டாய். கல்யாண மண்டபத்துக்காரர் அட்வான்ஸ் வாங்கியதும் அவர் வீட்டு முகவரி வரை விசாரித்தாய் என்று கேள்விப்பட்டேன். மண்டபத்தைத் தூக்கிக்கொண்டா ஓடப்போகிறார்? உன் பக்கத்தில் உட்காரப் போகிற பெண்ணையும் இப்படி ரசீது கேட்டுக்கொண்டே வாழ முடியாதடா. ஜாக்கிரதையாக இருப்பதற்குக் காகிதம் போதும், முகத்தையும் இறுக்கிக்கொள்ள வேண்டியதில்லை. காகிதம் சரியாக இருந்தால் மனுஷனை நிம்மதியாக நம்பலாம். அதற்காகத்தான் காகிதமே.

நேற்று பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். பாய் அந்தக் கேமராவை எடுத்துக் காட்டினார். பழைய டேப் கேமரா, இந்த நாளில் அதை நெட்டில் போட்டால் பார்த்துச் சிரிப்பார்கள். உள்ளூரிலேயே மெக்கானிக் எவனாவது பாகங்களுக்காக எடுத்துக்கொள்வான், இதற்குப் போய் ஐதராபாத்காரனை எதற்குத் தொந்தரவு பண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எனக்குத் தெரியாதா? இது விக்காது. ஆனா விக்கறதுக்கு ஒரு சாமான் இருந்தா, அதப் பாக்கறதுக்காவது புள்ள ஊட்டுக்கு வருவான்ல? பத்திரிகைய கொரியர்காரன் கையெழுத்து வாங்கிக்கினு குடுத்துட்டுப் போறான். நான் இன்னா யாபாரப் பார்ட்டியா?" என்றார். மிக்ஸர் போன கோபம் உங்களுக்கு இல்லையா என்று கேட்டேன். "சாமான் போனது ஒரு தடவதான் போச்சு. இவன் ரம்ஜானுக்கு ரம்ஜான் வராமப் போவறான்" என்றார்.

ஆகவே மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை நீ ஊருக்கு வருகிறாய். பத்திரிகை ஒன்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். பழம், வெற்றிலை, தட்டு எல்லாம் உன் அம்மா பார்த்துக்கொள்வாள். பொன்னேரி போய் அங்கிருந்து பழவேற்காடு பஸ் பிடித்துக்கொள். மிக்ஸருக்காக அவருக்குச் சேர வேண்டிய பணத்தைச் சேர்ப்பதற்காகப் போகாதே. அவர் அதைப் பற்றிப் பேச விடமாட்டார், நீ ஆரம்பித்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். கேமராவை விற்றுத் தருவதாக இருந்தால் பில் போட்டு விற்றுக் கொடு. முடியாது என்றால் அதை நீயே அவர் எதிரில் உட்கார்ந்து சொல்லிவிடு. உனக்காக அதைச் சொல்ல நான் வரமாட்டேன், போனிலும் சொல்ல மாட்டேன். மத்தியானம் உனக்கு அங்கே சாப்பாடு என்று சொல்லி வைத்திருக்கிறேன். இறால் வாங்கி வைப்பதாகச் சொன்னார்கள். நீ போகாவிட்டால் அவர்கள் அதைச் சாப்பிட மாட்டார்கள்.

அப்பா